சூட்டோடு மூடிய கோப்பி

அக்கா, என் அக்கா,

கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கோபிக்காதே.

நீ போய் இன்றைக்கு இருபத்தொன்பது நாள். திங்கட்கிழமை, பின்னேரம் நாலு மணி. அத்தான் முன்னறையில் இருக்கிறார். உன்னுடைய கதிரையில் அல்ல, அதற்குப் பக்கத்துக் கதிரையில். யாழ்ப்பாணத்துக்கு எழுதிய கடிதம் அம்மாவின் கையில் கிடைத்ததோ தெரியவில்லை. சண்டையால் பாதை மூடிக் கிடக்கிறது, தபால் கப்பலில் போகிறது. கப்பல் எப்போது போகும் என்று தபால்கந்தோரில் கேட்டால் சிரிக்கிறார்கள். அதனால் அம்மாவுக்கு நீ இன்னும் இருக்கிறாய். இது நல்லதா, அக்கா? யோசித்துப் பார்த்தேன்.

நாளை மறுநாள் உன் முப்பத்தோராம் நாள். உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். போன கிழமை அத்தான் சொன்னார்:

"அவளுக்குக் கோப்பி வைக்காமல் விட ஏலாது. கடைத்தூள் மட்டும் வேண்டாம், தம்பி. எழும்பி வந்து பேசுவாள்."

"அப்ப கடைத்தூளே வைப்பம், அத்தான். வந்து பேசட்டும்."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் முகம் கழுவப் போனார். நெடுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

உன்னோடு படிப்பித்த பதுளை ரீச்சர் தந்த பச்சைக் கோப்பிக்கொட்டை பாதிப் பை மிஞ்சிக் கிடந்தது. நேற்று அதை நான் வறுத்தேன். நீ வறுக்கும்போது எத்தனை தரம் பக்கத்தில் நின்றிருப்பேன்? நின்றேனே தவிரப் பார்த்ததில்லை. கையில் புத்தகம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா யன்னலையும் திறந்துவிட்டுத் தாச்சியை அடுப்பில் ஏற்றுவாய். அகப்பை நிற்காது. கொட்டை வெடிக்கும். சுளகில் கொட்டிப் புடைப்பாய், மெல்லிய தோல் பறக்கும். ஒழுங்கை முழுக்க மணக்கும். நன்றாக ஆறிய பிறகு பால்மா ரின்னில் போட்டு, மூடியை அழுத்தாமல் மேலே சும்மா வைப்பாய். இரண்டு நாள், சிலவேளை மூன்று நாள். அதற்குப் பிறகுதான் உள்ளங்கையால் அடித்து மூடுவாய். அதுவரை ஒருவரும் அரைக்கக் கூடாது.

"எறும்பு ஏறப் போகுது," என்பேன்.

"அது இன்னும் மூச்சு விடுது. விட்டு முடியட்டும்."

"கொட்டை மூச்சு விடுதாமோ?"

"பட்டதாரி ஐயாவுக்குத் தெரியாத விசயமும் உலகத்தில இருக்கு."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அழகான பேச்சு என்று நினைத்தேன். என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கூட வைத்தேன். அது பேச்சல்ல, உள்ளதை உள்ளபடி சொன்னது என்று எனக்குத் தோன்றவில்லை.

நேற்று நான் செய்தது வேறு. முதலில் யன்னல்களை மூடினேன். ஒன்று விடாமல். நீ போன பிறகு இந்த ஒழுங்கையில் இரண்டு தரம் சுற்றிவளைப்பு. முன்வீட்டில் என் வயதுக்காரன் ஒருவனை விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வா என்றார்கள். போனான். இன்னும் வரவில்லை. அவனுடைய அம்மா காலையில் வாசலுக்கு வருகிறார், பின்னேரமும் வருகிறார். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

பகலில் ஒரு வீட்டிலிருந்து கோப்பி வறுபடும் மணம் வந்தால் அங்கே பகலில் ஓர் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். நீ இல்லை என்று ஒழுங்கைக்குத் தெரியும். அத்தான் ஞாயிறும் ஸ்டோருக்கு வேலைக்குப் போகிறார் என்று தெரியும். அப்படியானால் வறுப்பது யார்? வேலையில்லாத, இளம் வயது ஆள். இப்படித்தான் யோசித்தேன். ஒரு மணத்துக்குப் பயந்தேன், அக்கா.

புகையில் கண் எரிந்தது. கொட்டை ஒரு பக்கம் கருகியது. ஆற விடவில்லை. சூட்டோடு ரின்னில் கொட்டி, நீ அடிப்பதைப் போல உள்ளங்கையால் மூடியை அடித்தேன். போதாதென்று முழங்காலாலும் அழுத்தினேன். மணம் நின்றது. ரின்னை முன்னறை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு யன்னல்களைத் திறந்தேன். பெரிய காரியம் ஒன்றைச் செய்து முடித்த மாதிரி இருந்தது.

இன்று காலை ஏழு மணிக்கு வந்தார்கள்.

ஐந்து பேர். ஒருவர் பொலிஸ் அதிகாரி, தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். மற்ற நாலு பேரும் ஆமி. அவர்களுக்குப் பின்னால் கீழ்வீட்டு குசுமா நோனாவும் படியேறி வந்தார். வீட்டுச் சொந்தக்காரி, தன்னுடைய கதவு உடையக் கூடாது என்று வருகிறார் என நினைத்தேன்.

அதிகாரி கதவுக்குப் பின்னால் தொங்கிய தாளைக் கழற்றினார். வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை எழுதிப் பொலிசில் முத்திரை வாங்கிய தாள். அதில் மூன்று பெயர். முன்னால் நின்றது இரண்டு பேர்.

உன் பெயரை வெட்டிக்கொண்டு வர ஸ்டேஷனுக்குப் போயிருக்க வேண்டும். அடுத்த கிழமையே போயிருக்க வேண்டும். அத்தான் என்னைப் போகச் சொன்னார். நான் அத்தானைப் போகச் சொன்னேன். இருவருக்கும் மனம் வரவில்லை. ஒரு பெயர் ஒரு தாளில் இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன என்று விட்டுவிட்டோம்.

அவர் உன் பெயரைக் கூப்பிட்டார். மூன்றாக உடைத்து, உரத்து. மங்கையர்க்கரசி. யாரும் வரவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். நானும் அறை வாசலைத் திரும்பிப் பார்த்தேன், அக்கா. உண்மையாகவே பார்த்தேன்.

"எங்க இவ?"

"செத்துப் போனா, சேர்," என்றார் அத்தான்.

"எப்ப?"

"போன மாதம். காய்ச்சல்."

"செத்த ஆள் ஏன் லிஸ்ட்ல?"

அத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் அலுமாரியின் மேலிருந்து சத்தம் வந்தது. வெடி போல. மூடி பறந்து சுவரில் அடித்தது. கொட்டை சிதறியது.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது நிலம் மட்டும். என் பிடரியில் ஒரு சப்பாத்து. கன்னத்தில் குளிர்ந்த சீமெந்து. துவக்குகளைத் தயார் பண்ணும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு மூன்று. பூட்டுத் திறப்பதைப் போலச் சின்னச் சத்தம். இவ்வளவு சின்னதா என்று நினைத்தேன். அத்தான் "ஐயோ, ஐயோ" என்றார். இத்தனை வருடம் வாசித்தவனுக்குக் கோப்பி என்ற ஒரு சொல் வரவில்லை.

சொன்னது குசுமா நோனா.

"கோபி, மாத்தயா! ஏ கோபி!"

வெறும் கோப்பி ஐயா, கோப்பி என்று சிங்களத்தில் கத்திக்கொண்டே துவக்குகளுக்கு நடுவால் நடந்து வந்தார். ரின்னுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினார். இவனுடைய அக்கா ஒவ்வொரு ஞாயிறும் வறுக்கிறவள், எனக்கும் ஒரு சுண்டு தூள் தருகிறவள், செத்துப் போனாள் பாவம், சவம் என் வீட்டு வாசலால்தான் போனது என்று மூச்சு விடாமல் சொன்னார். அவர் கதவுக்காக வரவில்லை.

ஓர் ஆமிக்காரன் சிரித்தான். பிடரியிலிருந்து சப்பாத்து போனது. அதிகாரி சிரிக்கவில்லை. ரின்னை இறக்கி அடிவரைக்கும் துழாவினார். ஒரு கொட்டையை எடுத்துக் கடித்தார், துப்பினார். பிறகு என்னை எழுப்பி நிறுத்தினார்.

"ஏன் இவ்வளவு இறுக்கி மூடினது?"

"மணம் வெளியில போகாமல், சேர்."

"மணம் போனா என்ன?"

இதற்கு என்ன பதில், அக்கா? மணம் போனால் நான் வீட்டில் இருப்பது தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன? நீங்கள் வருவீர்கள். நாங்கள் வந்தால் உனக்கு ஏன் பயம்? ஒன்றும் செய்யாதவன் ஏன் ஒளிக்கிறான்? அடுத்தடுத்த கேள்விகள் படிக்கட்டு மாதிரி கீழே இறங்கிப் போவது தெரிந்தது. நான் பேசாமல் நின்றதை அவர் புத்தகத்தில் எழுதினார்.

"நாளைக்கி ஒம்பது மணி, ஸ்டேஷன். மரண சர்ட்டிபிகேட் கொண்டு வா. பதிலும் கொண்டு வா."

"நான் வாறன், சேர். வீட்டுக்குப் பொறுப்பு நான்தானே," என்றார் அத்தான்.

"நீங்க வேண்டாம். இவர் வரணும்."

என் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் குந்தியிருந்து கொட்டை பொறுக்கினோம். நிலத்தில் விழுந்தது எங்களுக்கு, ரின்னில் மிஞ்சியது உனக்கு என்று அத்தான் பிரித்தார். குசுமா நோனா என்னைத் தன் தம்பியைப் போல மல்லி என்றுதான் கூப்பிடுவார்.

"மல்லி, அக்கா இப்பிடி மூடுறது இல்லே. மூணு நாள் தொறந்து வைக்கிறது. ஒனக்குத் தெரியாதா?"

ஏன் என்று தெரியாது, நோனா. அக்கா, நீ சொன்ன மூச்சு மெய்யான காற்று, அடைத்தால் மூடியையே தள்ளும் என்று இன்றைக்குத்தான் விளங்கியது.

"கொட்டாஞ்சேனைக்குப் போ, தம்பி," என்றார் அத்தான். "என்ர அண்ணன் வீட்டில ரெண்டு நாள் நில். பிறகு பாப்பம்."

"அட்டை இல்லாமல் எப்பிடிப் போறது? முதல் செக்பொயின்ற்றிலயே இறக்கிப்போடுவாங்கள்."

"ஓம். அது சரிதான்."

"நான் போகாட்டி உங்களைக் கொண்டுபோவாங்கள், அத்தான்."

அவர் புதுக்கடை நீதிமன்றத்தில் தெரிந்த சட்டத்தரணி ஒருவருக்கு போன் எடுத்தார். ஒன்பது மணிக்கு அவருக்கு வேறு வழக்கு. பன்னிரண்டுக்கு வந்துவிடுவாராம். மூன்று மணித்தியாலம். முன்வீட்டுக்காரன் எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு இல்லாமல் போனான்? இதை யாரிடம் கேட்பது?

பயமாக இருக்கிறது, அக்கா. முன்பு பயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன், நினைவிருக்கிறதா? உனக்கு வாசித்துக் காட்டினேன். விளங்கவில்லை என்றாய். சரியாகத்தான் சொன்னாய். பயத்துக்கு அவ்வளவு சொற்கள் இல்லை. சட்டையை மூன்று தரம் மாற்றினேன். எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போனால் என்னைப் பிழையில்லாதவன் என்று நினைப்பார்கள்?

ரின் குசினி மேசையில் இருக்கிறது. மேலே வெள்ளைத் துணி மட்டும். மூடியை நெளிவெடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். புதன்கிழமை விடிய அரைத்தால் போதும், அதற்கு முன் தொட வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லியாயிற்று. "ஏன் என்னட்டச் சொல்லுறாய்? நீதானே அரைக்கப் போறாய்?" என்றார். ஓம் என்றேன்.

அந்தக் கேள்விக்குப் பல பதில்கள் எழுதிப் பார்த்தேன். கடற்காற்றின் ஈரம் படாமல் மூடினேன் என்று சொல்லலாம். நம்பக்கூடிய பொய். ஆனால் ஒரு பொய் பிடிபட்டால் உன் சாவும் பொய்யாகிவிடும். செத்த ஆள் ஏன் லிஸ்ட்டில் என்று மறுபடியும் தொடங்குவார்கள். உன்னைத் தேடுவார்கள். அதை என்னால் தாங்க முடியாது.

நாளை உன் பெயரை வெட்டுவார்கள். பேனையை என்னிடம் தரும்படி கேட்பேன். தந்தால், ஒரே ஒரு கோடு, எழுத்துகள் தெரியும்படி.

அதோடு, உனக்கு ஒரு வாக்கு. மணம் போனால் என்ன என்று அவர் கேட்கும்போது, உங்களுக்குப் பயந்துதான் மூடினேன் என்று சொல்லுவேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்லி முடிப்பேன். அதற்குப் பிறகு நடப்பது என் கையில் இல்லை. புதன்கிழமை உனக்கு முன்னால் கோப்பி இருக்கும். அதை வைக்கும் கை என்னுடையது என்றுதான் எழுத ஆசை. எழுதத் துணிவு வரவில்லை.

போயிட்டு வாறன், அக்கா.

உன் ஒரே தம்பி,
சேந்தன்
வெள்ளவத்தை