போடாத கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

நேற்று விசாரணை முடிந்தது. என் தண்டனையைக் குறைப்பதா வேண்டாமா என்று நீதிபதி இருபதாம் தேதி சொல்வாராம். அதற்குள் சிறையிலிருந்து நன்னடத்தை அறிக்கை போக வேண்டும். "பதினாறு நாள் வாயையும் கையையும் கட்டிக்கிட்டு இருங்க, போதும்" என்றார் வக்கீலம்மா. ஏழு வருடத்தில் நாலு போய்விட்டது. பதினாறு நாள் என்ன பெரிய விஷயம்?

மார்ச் 9, ஞாயிறு

மனைவி வந்திருந்தாள். காலணிக் கடையில் ஞாயிறன்றுதான் கூட்டம். முதலாளியிடம் கெஞ்சி அரைநாள் வாங்கியிருக்கிறாள். மகள் இப்போது என் பழைய சட்டைகளைப் போட்டுக்கொண்டு திரிகிறாளாம். நான் உள்ளே வரும்போது அவளுக்கு ஏழு வயது.

மார்ச் 12, புதன்

நான் வேலை செய்யும் சமையற்கட்டின் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். சாப்பாட்டுப் பாத்திரங்களை மூன்று மாடிக்கும் ஏற்றும் லிஃப்டைப் பார்வையிட நாளை மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார். பராமரிப்புப் பதிவேடு காலியாகக் கிடக்கிறது. "நீதான் லிஃப்ட் மெக்கானிக்காச்சே. நல்லா இருக்குன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடு."

பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். மேலே ஏறிப் பார்த்தால், கம்பிவடத்தில் ஒரு புரி முழுக்க அறுந்து முள்முள்ளாக நிற்கிறது. மின்சாரத்தை அணைத்தேன். 'இயக்காதீர்கள்' என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டினேன். கையெழுத்துப் போட முடியாது என்று சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "உன் அறிக்கைய எழுதப்போறது யாருன்னு தெரியுமில்ல?"

மார்ச் 13, வியாழன்

எழுதிவிட்டார். 'உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுத்தார்.' நகலை என் கையிலேயே கொடுத்தார்.

என்ன பண்ணித் தொலைச்சேன்? ஒரு கையெழுத்து. கிறுக்கிக் குடுத்துட்டு வந்திருக்கலாம்ல? இன்னும் மூணு வருஷம். பிள்ளைக்குப் பதினாலு வயசாயிடும் —

ஆனா அன்னைக்கும் இதையேதானே சொல்லிக்கிட்டேன், ஒரு கையெழுத்துதானேன்னு? ஓர் அடுக்குமாடி லிஃப்டுக்கு, மேலே ஏறச் சோம்பல்பட்டு, கீழேயே நின்றபடி போட்டுக்கொடுத்தேன். மறுவாரம் அந்த லிஃப்ட் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தது. உள்ளே இருந்த பெண் இன்றும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார்.

இல்லை. போட்டிருக்க முடியாது.

மார்ச் 15, சனி

மூன்று வேளையும் கைதிகள் பாத்திரங்களைத் தோளில் சுமந்து மாடியேறுகிறார்கள். எல்லார் வாயிலும் நான்தான் அரைபடுகிறேன். ஓயாமல் பேசுவதால் 'ரேடியோ' என்று பேர் வாங்கிய என் அறைக்காரன் மட்டும் மரியாதையாகத் திட்டினான்: "அண்ணே, நீங்க உத்தமர்தான், ஒத்துக்கறேன். ஆனா இடுப்பு என்னுது."

மார்ச் 17, திங்கள்

வக்கீலம்மா சொல்லி மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தொலைபேசியில் கிழிக்கப்போகிறாள் என்று பயந்தேன். கிழிக்கவில்லை. "அன்னைக்கே இப்படி இருந்திருக்கக் கூடாதா?" என்றாள். அழுதாளா என்று தெரியவில்லை. "சரி, வர்றது வரட்டும். இதுக்காக நான் தலைகுனிய மாட்டேன்."

மார்ச் 19

நாளை. சட்டையை இரண்டு முறை மடித்துவைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

காலையிலேயே நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

அரசு வக்கீல் அந்த அறிக்கையை உரக்க வாசித்து, திருந்தாத மனிதர் என்றார். எந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று நீதிபதி கேட்டார். அரசு வக்கீல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் இல்லை. வக்கீலம்மா எழுந்து, தான் கேட்டு வாங்கிவந்த இன்னொரு தாளை நீட்டினார். பார்வையிட வந்த மேலிடத்து ஆள் எழுதியது: வடத்தை மாற்றும்வரை லிஃப்டை இயக்கக் கூடாது.

நீதிபதி இரண்டையும் அருகருகே வைத்து நிதானமாகப் படித்தார்.

"பாக்காம போட்ட கையெழுத்துக்கு நாலு வருஷம் உள்ள இருந்திருக்கார். இப்ப பாத்துட்டுப் போடாததுக்கும் உள்ள இருக்கணுமா?"

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

கழித்த காலமே போதும். சனிக்கிழமை விடுதலை. பின்வரிசையில் மனைவி கடைச் சீருடையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

சிறைக்குத் திரும்புவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. ரேடியோ எதற்கு இருக்கிறான்? மூன்று மாடியிலும் தட்டைத் தட்டினார்கள், ஒரு வாரமாகச் சுமந்த அதே ஆட்கள். சமையற்கட்டு அதிகாரி வராந்தாவில்தான் நின்றார். நிறுத்தச் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

காலையிலேயே மகள் புகாரோடு வந்தாள். "அம்மா, அப்பா விட்ட குறட்டையில எனக்குத் தூக்கமே இல்ல."

மனைவி தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். "அப்படியா? நான் நாலு வருஷத்துக்கு அப்புறம் நேத்துதான்டி தூங்கினேன்."