சனிக்கிழமை முறை

வெள்ளவத்தை

அன்பின் மனைவிக்கு,

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் குழாய்த் தண்ணீர் எடுப்போமா என்று கேட்டிருந்தீர். எடும். தனியே கிணற்றடிக்கு இறைப்பு மெசினை இழுத்துக்கொண்டு திரிய உம்மால் ஏலாது.

இங்கே லொட்ஜில் காலையில் மட்டும்தான் தண்ணீர். குளித்துவிட்டுப் பொலிசுக்குப் போய், அங்கே போட்டிருக்கிற மர வாங்கில் குந்தியிருக்கிறேன். பிடித்துக்கொண்டுபோன மகனைப் பற்றிக் கேட்டால், "நாளைக்கு வாங்க ஐயா" என்கிறார்கள். அவனுக்குக் கொடுக்கக் கொண்டுபோன சேர்ட்டை அவர்கள் இன்னும் கையில் வாங்கவில்லை. நேற்று அதை மறுபடியும் தோய்த்துக் காயப்போட்டேன்.

குழாய் வந்தபிறகு பங்குக் கிணற்றில் எங்களுக்கு இறைப்பு முறை எதற்கு என்று உம்முடைய அண்ணர் கேட்கிறாராம். புதன்கிழமை என்னுடைய முறை. அதை அவருக்கே கொடுத்துவிடும். சனிக்கிழமை மகன் இறைக்கிற முறை. அதையும் கேட்டால், "அவன் வந்துதான் சொல்லவேணும்" என்று சொல்லும்.

இப்படிக்கு,
உம்முடைய மனுசன்