பற்றவைக்காத பீடி

பெருநகர்
2.3.81

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் குழந்தையும் அம்மா வீட்டில் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? உத்திரமேரூர் டாக்டர் அத்தனை சொல்லியும் அரிசிப் பானைக்குள் பீடிக்கட்டை ஒளித்து வைத்தீர்களே! சோறெல்லாம் அந்த வாசனை. பீடியை விடும்வரை வாலாஜாபாத் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். கோபம்தான். ஆனாலும் வெந்நீர் குடியுங்கள்.

உங்கள் மனைவி
அம்முலு


வாலாஜாபாத்
9.3.81

அன்புள்ள அம்முலு,

விட்டுவிட்டேன். சத்தியம். முதலில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். இப்போது மில்லில் மூட்டை தூக்கும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. நான் வைக்கும் குழம்பை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போகிறது. சீக்கிரம் வா.

வீராசாமி


பெருநகர்
20.3.81

சத்தியம் செய்த மகாராஜாவுக்கு,

வாலாஜாபாத் கடைத்தெருவுக்குப் போன பக்கத்து வீட்டு சிட்டம்மாள், ரைஸ்மில் வாசலில் உங்களைப் பார்த்தாளாம். “உன் வூட்டுக்காரரு வாயில பீடி வச்சிக்கினு ஜாலியா குந்திக்கினு கீறாரு” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் இங்கேயே நாற்று நட்டுப் பிழைத்துக்கொள்கிறேன். இனிமேல் எழுத வேண்டாம்.

அம்முலு


வாலாஜாபாத்
24.3.81

அம்முலு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். வாயில் பீடி இருந்தது உண்மை. நெருப்பு இல்லை.

மில்லில் பீடி பிடிக்கிறவனுக்குத்தான் வெளியே போய் உட்கார நேரம் விடுவார்கள். வெறும் கையோடு உட்கார்ந்தால் மேஸ்திரி, “இன்னாடா, பீடியும் இல்ல ஒண்ணும் இல்ல, இன்னாத்துக்கு குந்திக்கினு கீற? மூட்டைய தூக்கு!” என்கிறார். பீடியை விட்டதும் ஓய்வும் போயிற்று. இடுப்பு கழன்று விழுகிறது. அதனால் ஒரு பீடியை வாயில் வைத்துக்கொண்டு போய் உட்காருவேன். தினமும் அதே பீடிதான். இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். நுனியைப் பார்.

நீ இல்லாமல் வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை.

வீராசாமி


பெருநகர்
27.3.81

அன்புள்ள மாமாவுக்கு,

பீடி வந்தது. கருகலே இல்லை, உங்கள் பல் பதிந்த தடம்தான் இருக்கிறது. அம்மா சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பீடியை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி எதைக் காட்டி வெளியே உட்காருவீர்கள்? அதனால் வியாழக்கிழமை காலை பஸ்ஸில் குழந்தையோடும் மோர்ப் பானையோடும் வருகிறேன். பீடி நேரத்துக்கு மில் வாசலில் நிற்பேன். மேஸ்திரி கேட்டால், “எம் பொண்டாட்டி மோர் எடுத்தாந்துகீறா, குடிச்சிட்டு வரேன்” என்று சொல்லுங்கள். அவருக்கும் ஒரு டம்ளர் உண்டு. உங்கள் கூட்டாளிகளையும் கூப்பிடுங்கள். பீடியைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும்தான் ஊற்றுவேன்.

அரிசிப் பானையைக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

அம்முலு