கயிற்றில் என் பக்கம்

ஆண்ட்வெர்ப், பெல்ஜியம்

அன்புள்ள அப்பா,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று எங்கள் கப்பல் பட்டறையில் கயிறு இழுக்கும் போட்டி. ஐரோப்பியர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் எதிர்ப்பக்கம். நான் ஐரோப்பியர்களோடு போய் நின்றேன். உடன் வேலை செய்யும் யோரிஸ், "பிரிட்டன்தான் ஓட்டுப் போட்டு ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய போயிடுச்சே, அந்தப் பக்கம் போம்மா!" என்று சிரித்தான்.

"அது எங்கப்பா போட்ட ஓட்டுடா. நான் எங்கயும் போகல, கயித்தப் பிடி!" என்றேன்.

தோற்றுவிட்டோம். உள்ளங்கை லேசாக உரிந்திருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

உங்கள்மேல் கோபமில்லை அப்பா. ஆனால் பெல்ஜியக் குடியுரிமைக்கு மனு போட்டுவிட்டேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையும் விடமாட்டேன். இரண்டும் நான்தான்.

நம் ஊர் கிரிம்ஸ்பி கடைத் தேயிலை ஒரு பொட்டலம் வேண்டும். தபாலில் வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள். சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
கெய்லி