என் பெயரில் எடுத்த படம்

இன்று காலை மெட்ரோ படிக்கட்டில் ஒருவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார். எலுமிச்சை மணம். எலுமிச்சையை ஒருநாளும் கண்டிராதவர்கள் தயாரித்த எலுமிச்சை. நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் பிரெஞ்சில் முணுமுணுத்தபடி விலகிப் போனார்கள்.

உன் சட்டைகள் அப்படித்தான் மணத்தன. என் அறையில், தரையில் விரித்த மெத்தையில், நான்கு நாட்கள் இருந்தாய். நீ போன பிறகும் போர்வையில் அந்த மணம் ஒரு கிழமை தங்கியது.

நியூஜெர்சியில் ஒரு ஸ்கேன் நிலையத்தைத் துப்புரவாக்குவது உன் வேலை. சம்பளம் தந்தவன் ஒப்பந்தக்காரன். ஆகவே கணக்குப்படி நீ அங்கே வேலை செய்பவன் இல்லை. காப்புறுதியும் இல்லை. எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்பு போகக்கூடாது; மெஷினின் காந்தம் இழுத்துவிடும். உனக்கென்று பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் பிடி போட்ட மொப். பெல்ட்டையும் சாவிக்கொத்தையும் வாசலில் கழற்றி வைப்பாய். ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துடைப்பாய்.

"மச்சான், அந்த மெஷினை நான் ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டுறன்," என்றாய் தொலைபேசியில். "ஒருநாளைக்கு அது என்னைப் பாக்கட்டுமெண்டா விடுறாங்கள் இல்லை."

சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்போது உனக்குத் தலைவலி தொடங்கி மூன்று மாதம்.

நிலையத்து டொக்டரிடம் கேட்டிருந்தாய். தமிழ்நாட்டுக்காரர். தரை துடைப்பவன் தமிழ் பேசுகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து உன்மேல் பிரியம். மனைவி செய்த புளியோதரையை டப்பாவில் கொண்டுவந்து தருவார். அந்தப் புளியோதரையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் சொன்ன பதிலை அவர் குரலிலேயே எனக்குச் செய்து காட்டினாய். "இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தா இப்பவே படுக்க வெச்சிருவேன்ப்பா. மெஷின் ஒவ்வொரு படத்தையும் பதிஞ்சு வெச்சுக்குது. நாளைக்குக் கம்பெனிக்காரன் கேட்டா நான் என்ன சொல்றது? நல்லாத் தூங்கு. தண்ணி நெறையக் குடி."

தண்ணீர் குடித்தாய்.

பிறகு கனடாவுக்கு, என்னிடம் மொன்றியலுக்கு வந்தாய். இரவல் பத்திரத்தில்தான். எங்களுக்கு அது புதிதா? நீ ஒருவனின் பாஸ்போர்ட்டில் கொழும்பை விட்டாய். நான் இன்னொருவனுடையதில். என் மருத்துவ அட்டையை உன்னிடம் நீட்டியபோது நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பிறர் பெயரில் விமானம் ஏறியவர்கள் பிறர் பெயரில் வைத்தியம் பார்த்தால் என்ன?

அது வாக்கெடுப்பு நடந்த ஒக்டோபர். கனடாவிலிருந்து இந்த மாகாணம் பிரிவதா, வேண்டாமா. விளக்குக் கம்பங்களிலெல்லாம் 'ஆம்', 'இல்லை' என்று அட்டைகள் தொங்கின. நீ அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாய்.

"இங்க சனத்திட்டக் கேக்கிறாங்கள், ஓமோ இல்லையோ எண்டு. எனக்கு அங்க கேக்க முன்னமே இல்லை எண்டிட்டாங்கள்."

மெட்ரோவில் என் பிறந்த தேதியையும் என் அம்மாவின் பெயரையும் பாடமாக்கினாய். அட்டையில் என் படம் இருந்தது. கிளினிக் வரவேற்பில் இருந்த பெண் படத்தைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், "போன்ஜூர்" என்றாள். அவளுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே முகம். அன்றைக்கு அது உதவியது.

வைத்தியர் இளம்பெண். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். தெளிவாக ஒன்றும் இல்லை, ஆனாலும் படம் எடுக்க வேண்டும் என்றார். இங்கே மெஷின்கள் குறைவு, வரிசை நீளம். சில மாதங்களில் கடிதம் வரும். வாந்தி வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போ. யாரும் காசு கேட்கவில்லை. நீ வெளியே வந்து நடைபாதையில் நின்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். "ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையடா."

பஸ் நிலையத்தில் நான் உன் பையை விடவில்லை.

"போகாத. இங்கயே அகதிக் கேஸ் போடு."

"விசரே உனக்கு? அங்க அடுத்த மாசம் ஹியரிங். மூண்டு வருசமாக் காத்துக்கொண்டு இருக்கிறன். கடிதம் வந்தோண்ண போன் அடி, ஓடி வாறன்." படியில் ஏறித் திரும்பினாய். "உன்ர பேரை வடிவா வைச்சிரு. பேந்து வந்து எடுக்கிறன்."

பையை நான்தான் ஏற்றிக் கொடுத்தேன்.

ஹியரிங்குக்கு ஆறு நாள் இருக்கும்போது விழுந்தாய். மெஷின் அறைக்குள். பெல்ட்டும் சாவிக்கொத்தும் வாசலில் இருந்தனவாம். உடம்பில் இரும்பே இல்லை. படம் எடுக்கத் தயாரானவனைப் போல. மெஷின் மூன்றடி தூரத்தில். டொக்டர் அடுத்த அறையில். அவர் அம்புலன்ஸை அழைத்தார். உன்னைத் தூக்கி, அந்த மெஷினைச் சுற்றிக்கொண்டு, நகரத்தின் மறுகோடியில் இருந்த அரச மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். விழுந்தவனைத் திருப்பி அனுப்ப அங்கே சட்டம் விடாது. நிற்பவனுக்குத்தான் கதவில்லை. அங்கே படம் எடுத்தார்கள். மறுநாள் நீ இல்லை.

பனி உருகும்போது கடிதம் வந்தது. என் பெயருக்கு.

தொலைபேசி எடுத்து இரத்துச் செய்திருக்கலாம். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் அன்றைக்குப் படுத்திருப்பார். தெரிந்தே போனேன். அது உன்னுடைய இடம். யாருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பெல்ட்டைக் கழற்றினேன். உள்ளே யாரோ தகரத்தில் சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம். அசையாமல் கிடந்தேன். என் தலையில் ஒன்றும் இல்லை என்றார்கள். படத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கினேன்.

டொக்டரின் தம்பி இங்கே பக்கத்துப் புரோசார்ட்டில் இருக்கிறார், என்ஜினியர். அந்தக் கோடையில் டொக்டர் வந்திருந்தார். ஒரு மண்டபத்தில் தமிழர்களுக்காக நவீன மருத்துவம் பற்றி ஓர் உரை. மெஷின்களைப் பற்றி நன்றாகவே பேசினார். கேள்வி நேரத்தில் நான் உறையோடு எழுந்து போனேன்.

"டொக்டர், இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களோ?"

"இங்கயும் ஓசிக் கன்சல்டேஷனா!" என்றது முன்வரிசை. சிரிப்பு.

"பரவால்ல, நம்ம பையன்தானே." படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். நிதானமாகப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லப்பா. சுத்தமா இருக்கு. யாரு பேஷண்ட்?"

"நான். ஆனா இது உங்கட மெஷினைத் துடைச்சவன்ர முறை. அவனுக்கு வர ஏலாமப் போச்சு."

கை மேலேயே நின்றது.

"இப்ப கம்பெனிக்காரன் கேக்க மாட்டானோ, டொக்டர்?"

"தம்பி," என்றார், மைக்கை மூடிக்கொண்டு. "வெளிய வா. பேசலாம்."

"வேண்டாம். இங்கயே கதையுங்கோ."

படத்தை என்னிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாரோ அவசரமாகக் காப்பி தயார் என்று அறிவித்தார்கள். அவர் மனைவி இரண்டாம் வரிசையில் இருந்தார். அவருக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன்.

நிம்மதி வந்ததா என்று கேட்பாய். இல்லை. இனித்தது.

அதற்குப் பிறகு அவர் இந்த ஊருக்கு வரவில்லை. தம்பியைத் தமிழ்க் கடையில் காணும்போதெல்லாம் விசாரிக்கிறேன். "அவருக்கு டைமே இல்லீங்க," என்கிறார், என் கண்ணைப் பார்க்காமல். பரவாயில்லை. வரிசையில் நிற்க இந்த ஊர் என்னைப் பழக்கியிருக்கிறது. உறை வாசல் அலுமாரியில், பனிச் சப்பாத்துகளுக்கு மேலே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது.

சென்ற மாதம் காய்ச்சலுக்கு அதே கிளினிக்குக்குப் போனேன். அதே வைத்தியர். கோப்பைப் புரட்டினார். உன் மூன்று மாதத் தலைவலி அதில் என் பெயரில் இருக்கிறது. அது என்னுடையது அல்ல என்று சொல்லித் திருத்தியிருக்கலாம்.

"தலைவலி இப்போது எப்படி?" என்று கேட்டார்.

"இன்னும் இருக்கிறது," என்றேன்.

எழுதிக்கொண்டார்.