பனைமரத்தில் தறி இல்லை

படாளம்
22.8.2003

அன்புள்ள அனுவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். பூனாவில் மழை விடவில்லை என்றாயே, உன் இருமல் நின்றதா? இங்கே எனக்குத்தான் நான்கு நாளாக ஆத்திரம் அடங்கவில்லை. ஏரிக்கரைப் பனைமரங்களைப் பாதைக்காக வெட்டக் கூடாது, அவற்றை நம்பி நாற்பது வீவர் குடும்பங்கள் வாழ்கின்றன, மூன்று மாதம் பொறுங்கள் என்று லீவில் வந்தபோது அழகான ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதினாயே, அதற்குத் திங்கட்கிழமை பதில் வந்தது. தல ஆய்வு செய்ததில் அவ்விடத்தில் நெசவாளர் எவரும் வசிக்கவில்லை, கைத்தறிகளும் காணப்படவில்லை, மனு முடித்து வைக்கப்படுகிறது என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். ஆய்வுக்கு வந்தவர் அந்த மரங்களுக்கு அடியில்தான் நின்றிருக்கிறார். ஆடு மேய்க்கும் பூவாயி சொன்னாள்: “தறி எங்க கீதுன்னு கேட்டாரும்மா. அண்ணாந்து பாருன்னேன். கிண்டல் பண்றியான்னு கோச்சிகினு பூட்டாரு.”

அன்று மாலைக்குள் ஒரு மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். பதினோரு கூடுகள். இறகு முளைக்காத குஞ்சுகளைப் பூவாயி முறத்தில் பொறுக்கி வந்தாள், ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மறுநாள் காலையிலேயே அலுவலகத்துக்குப் போனேன். அருணகிரி என்ற குமாஸ்தா அகராதியை என் முன்னால் விரித்து, “வீவர்னா துணி நெய்யறவன்னுதான் மேடம் போட்டுகீது. குருவின்னா குருவின்னு எழுதணும்” என்றார். அடுத்த வரியிலேயே குருவியும் இருந்தது, விரல் வைத்துக் காட்டினேன். ஃபைல் மூடியாச்சு என்றார். கத்தியிருப்பேன், ஆனால் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. உன் பறவைச் சங்கத்தில் வீவர் என்றால் போதும். நானும்தான் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன், ஆங்கிலத்தில் எம்.ஏ. வாங்கியவள். துணி நெய்பவருக்கும் குருவிக்கும் ஒரே பெயர் வைத்தது அந்த மொழி, நம் மொழி இல்லை. இந்த ஊர்க் குருவிக்காக இந்த ஊர் அலுவலகத்தில் கேட்க நமக்கு எதற்கு ஆங்கிலம்?

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தமிழில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “அட, தூக்கணாங்குருவியா? எங்க வூட்டுக் கெணத்தாண்டகூட கட்டிகினு கீது” என்று அவரே உள்ளே எடுத்துப் போனார். பத்து நிமிடத்தில் உத்தரவு வந்தது, மீதி மூன்று மரங்களை ஐப்பசி முடியும்வரை தொட மாட்டார்கள். வெறும் பத்து நிமிடம், அனு.

மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு. தீபாவளிக்கு டிக்கெட் எடுத்துவிடு. வந்ததும் சாய்ந்தது எந்த மரம் என்று அப்பாவைக் கேட்காதே, அவருக்குச் சொல்ல வராது. மதகுப் பக்கம், நீ முதலில் கூடுகளை எண்ண ஆரம்பித்த மரம்தான்.

எல்லா நலமும் பெற்று நன்றாக இரு.

உன் அம்மா,
சகுந்தலா