அப்பா வெட்டிய கட்டில்

அன்புள்ள அம்மா,

நடந்ததை எதையும் மறைக்காமல் எழுதப்போகிறேன். அப்பா தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போயிருப்பதாக நேற்று உங்கள் தனியறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று நான் சொன்னது பொய்.

உங்கள் அறுவைப் புண்ணில் சீழ் வைத்த கிருமி, முன்பு பொது வார்டில் நீங்கள் படுத்திருந்த கட்டிலின் கம்பியிலும் இருந்ததாம். "எந்த மருந்துக்கும் லேசுல சாகாது, அங்கிள்," என்று திங்கட்கிழமை தாதி அப்பாவிடம் விளக்கினார். கழுவுவதற்காக அந்தக் கட்டிலை ஆஸ்பத்திரி நடையில் நிறுத்தியிருந்தார்கள். அப்பா தேயிலை வெட்டும் கத்தரியோடு எஸ்டேட்டிலிருந்து லோரியில் நேராக வந்திருந்தார்.

"இதுதானா என் பொண்டாட்டியக் கடிச்சது?"

கத்தரியை ஓங்கிக் கட்டிலை வெட்டினார். மெத்தை கிழிந்து பஞ்சு பறந்தது. தடுக்க வந்த காவலரைச் சுவரோடு தள்ளினார். "ஏண்ணே, கட்டில் என்னா லா பண்ணுச்சு?" என்று அவர் கெஞ்சினார். "கம்பியத் தொடாதீங்கப்பா!" என்று நான் அலறினேன். அதற்குள் கத்தரி வழுக்கி அப்பாவின் இடது உள்ளங்கையைப் பிளந்தது. ரத்தம் கொட்டிய அந்தக் கையாலேயே கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

இன்று கை புடைத்து நிற்கிறது. அதே கிருமிதான். கடைசி மருந்தும் கேட்காவிட்டால் விரல்களை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

நீங்கள் பதில் எழுத முடியாது. உங்கள் அறைக்குள் வந்த தாள் வெளியே போகக் கூடாதாம். ஆனால் யாரோ ஒரு கிழவர் ஓயாமல் சுவரைத் தட்டுகிறார் என்று சலித்துக்கொண்டீர்களே, அது அப்பாதான். அடுத்த அறையில் இருக்கிறார்.

திருப்பித் தட்டுங்கள், அம்மா.

பார்வை நேரம் முடிந்து, நடையின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள்